மைக்கில் சொன்னது

தெருவில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். தையல்காரி என்பதால் பாதி, வாய்த்துடுக்கால் பாதி. மின் கட்டணத்தை ஏற்றப் போகிறார்கள், அதற்குமுன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்கிறது என்று தெரிந்ததும், "நீ போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வா" என்று அனுப்பியவன் அவள் புருஷன்தான். அவனுக்கு நுரையீரல் கெட்டு இரண்டு வருஷம். கட்டிலோரம் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க ஓடினால்தான் மூச்சு. கட்டணம் ஏறினால் அதை எப்படி ஓட்டுவது என்பதுதான் அவள் கவலை.

அரங்கில் ஏசி குளிரில் பல் கிட்டியது. மேடையில் ஆணையத்தார், முன்வரிசையில் மின்வாரியத்து ஆட்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். மற்றவர்கள் புள்ளிவிவரம் வாசித்தார்கள். அவள் தன் வீட்டைப் பேசினாள்.

"ஐயா, ஒரு பக்கம் அவருக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடுது. இன்னொரு பக்கம் என் தையல் மெஷின் ஓடுது. இது ஓடினாத்தான் அது ஓடும். நீங்க ஏத்திட்டா நான் எதை நிறுத்தறது?"

கைதட்டல் காதைப் பிளந்தது. தலைவர் உருகிப் போனார். "நல்லா சொன்னீங்கம்மா. எல்லாத்தையும் எழுதிக்கச் சொல்றேன்" என்றார். எழுதிக்கொண்டார்கள். பாவிகள், ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்கள், பேசப் பதிவு செய்தபோது அவள் கொடுத்த மின் இணைப்பு எண் உட்பட. அவள் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து புருஷனிடம் மூன்று தடவை பேசிக் காட்டினாள்.

கட்டணம் ஏறியது. மறுவாரமே மின்வாரிய ஆய்வாளர் வந்தார். கூட்டத்தில் அவரும் கைதட்டியவர்தான்.

"வீட்டு இணைப்புல தொழில் நடத்தறீங்க. கடை ரேட்டுக்கு மாத்தணும்மா."

"யார் சொன்னது?"

"நீங்கதானேம்மா, மைக்ல சொன்னீங்க." தாளை நீட்டினார். அவள் பேச்சு அச்சு மாறாமல் அதில் இருந்தது.

"அவர் மூச்சுக்குமா கடை ரேட்டு?"

"ஒரே மீட்டர்தானே. தையல் மெஷினை வெளியேத்திட்டீங்கன்னா திரும்ப வீட்டு ரேட்டு."

வெளியேற்றினால் சோற்றுக்கு வழி? அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

கடை ரேட்டில் பில் வந்த அன்று புருஷன் அதைப் படித்தான். "நீ தைக்கிற நேரம் நான் இந்த ஆக்சிஜன் மெஷினை நிறுத்திட்டு இருந்து பாக்கறேன்."

"வாயை மூடுங்க."

"அதை நீ அன்னைக்குச் செஞ்சிருக்கலாம்" என்று சிரித்தான். அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அவள் தைக்க உட்கார்ந்ததும் அவன் கைநீட்டி ஆக்சிஜன் மெஷின் ஸ்விட்சை அணைத்தான். அவள் பார்த்தாள். இருபது பள்ளிச் சட்டைகளை மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சற்று நேரத்தில் அவன் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவள் பெடலை அழுத்தினாள். மோட்டார் இரைச்சலில் அது கேட்கவில்லை. காலர் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. முடித்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.