மருந்து போடாத குடுவை

சோதனைக் குழாயின் அடியில் செல்கள் சிவந்து கிடந்ததைப் பார்த்ததும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் நடைவழிக்கு ஓடித் தங்கைக்குப் போன் போட்டாள்.

"திறந்துடுச்சுடி! மூடிக் கிடந்தது திறந்துடுச்சு!"

ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினைச் செய்ய, கருவிலிருக்கும்போது எல்லோருக்கும் வேலை செய்கிற மரபணு ஒன்று உண்டு. பிறந்த சில மாதங்களில் உடம்பு அதை மூடிவிட்டு இன்னொன்றை நம்பி ஓடும். தங்கைக்கு அந்த இன்னொன்று பிறவியிலேயே பழுது. இருபத்தாறு வருடமாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, யார் யாருடைய ரத்தத்திலோ அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதற்கும் வந்தது வினை. ஏற்றுகிற ரத்தத்தை உடம்பு எதிர்க்கத் தொடங்கிவிட்டது; ஒவ்வொரு முறையும் கட்டில் ஆட ஆட நடுக்கம். மூடியதை மறுபடி திறந்துவிட்டால்? அதற்காகத்தான் அக்கா, தங்கையின் ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்து, பதினெட்டு நாள் இன்குபேட்டரில் வளர்த்து, புது மருந்து ஒன்றைச் சேர்த்துப் பார்த்தாள்.

ஆய்வகத் தலைவிக்குக் 'கன்ட்ரோல் அம்மா' என்று பட்டப்பெயர். காபி கொடுத்தால்கூட, டிகாஷன் ஊற்றாத டம்ளர் எங்கே என்று கேட்பார் எனப் பின்னால் சிரிப்பார்கள். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத குடுவை எங்க?"

"செல் பத்தலை மேடம். எல்லாத்தையும் இதுலயே போட்டுட்டேன்."

"அப்ப இது முடிவு இல்லம்மா, உன் ஆசை. உறைய வெச்சதுல மிச்சம் இருக்கும்ல? ரெண்டு குடுவையா வளர்த்துக் காட்டு."

வளர்த்தாள். நடுவே போனில் தங்கையிடம், "ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றாள். "போயிட்டு வந்துட்டேன்க்கா" என்றது சோர்ந்த குரல். மனசு முழுக்கக் குடுவையில் இருந்ததால் அந்தச் சோர்வு அவள் காதில் ஏறவில்லை.

பதினெட்டாம் நாள் இரண்டு குடுவைச் செல்களையும் குழாய்களில் இறக்கிப் பார்த்தாள்; இரண்டும் சிவந்திருந்தன. மருந்து போட்டதும் சிவப்பு, போடாததும் சிவப்பு. அளந்து பார்த்தால் கரு ஹீமோகுளோபின் இரண்டிலும் ஒரே அளவு. செல்களுக்கு உணவாக ஊற்றிய புது சீரத்தில் ஏதோ இருந்து அந்த வேலையைச் செய்திருக்கிறது. மருந்து வெறும் தண்ணீர் மாதிரி. அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தபோது போன் அடித்தது. தங்கை அலுவலகப் படியில் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

"ஆறு வாரமா ரத்தமே ஏத்திக்கலை" என்றார் வார்டு டாக்டர். "பொருந்துற பாட்டில் இங்க இல்ல. வெளியூர்லேருந்து வந்துட்டிருக்கு. அதுவரைக்கும் இதயம் தாங்கணும்."

தங்கையின் உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஏன்டி போகலை?"

"நீதான திறந்துடுச்சுன்ன. அப்புறம் எதுக்கு அந்த நடுக்கம்னு இருந்துட்டேன்." மூச்சு வாங்கியது. "மருந்து எப்பக்கா தருவ?"

சீக்கிரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அக்கா கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"மருந்து இல்லடி. போடாததும் சிவந்துடுச்சு. சரிபார்க்காம உன்கிட்ட கத்திட்டேன்."



"இத்தனை வருஷத்துல எந்த டாக்டரும் என்கிட்ட இப்படி ஆசை காட்டுனதில்லக்கா."

சொல்லிவிட்டுத் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாட்டில் சாயங்காலம் வந்தது. கால் பாட்டில் இறங்குவதற்குள் நடுக்கம் பிடித்தது; நிறுத்தி, ஊசி போட்டு, மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அக்கா அவள் கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிழைத்துக்கொண்டாள் தங்கை.

உறைய வைத்த செல்கள் தீர்ந்துபோயின. புதிதாக எடுக்கத் தங்கையிடம் ரத்தம் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. யாரோ முகம் தெரியாத நோயாளியின் செல்களை இரண்டு குடுவைகளில் பிரித்து, சீரத்தை மாற்றி, முதலிலிருந்து தொடங்கினாள்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றும் நாளைத் தங்கை சொல்லவில்லை. வார்டில் விசாரித்துக்கொண்டு அக்காவே போய் வாசலில் நின்றாள். தங்கை பார்த்தாள். வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.