உபதேசியார் பார்த்த முதல் படம்

சனிக்கிழமை மாட்னிக்கு வந்திருந்தவர்கள் யார், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்காலி வகுப்பில் சுவரோரமாகத் தேவகனி அத்தை. மடியில் முறுக்குப் பொட்டலம், பிரிக்கலாமா கூடாதா என்ற சந்தேகத்தோடு. அடுத்து அவளுடைய அண்ணன் மகள் ஜீவமணி, சாயர்புரத்தில் டீச்சர். அதற்கடுத்து ஜீவமணியின் அப்பா, சபை உபதேசியார் ஞானதீபம். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். நடைபாதை ஓரம் எபனேசர். முன்னால் பெஞ்சு வகுப்பில் எபனேசரின் சிநேகிதன் சிலுவையும், துறைமுகத்து லாஞ்சில் சிலுவையோடு வேலை பார்க்கும் கூட்டாளிகளும்.

உபதேசியாரைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து உட்கார வைத்ததே பெரிய காரியம். அதற்கெல்லாம் காரணம் எபனேசர் எழுதிய ஒரு கடிதம்.

எபனேசர் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்கு. படம் பார்த்தால் அன்றோடு விடுகிற ஆள் இல்லை. கோடு போட்ட தாளில் இடப்பக்கம் மார்ஜின் விட்டு, முதல் பத்தியில் கதை, இரண்டாம் பத்தியில் நடிப்பு, மூன்றாம் பத்தியில் படத்தில் எது பொய் என்று எழுதி மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புவான். பங்களாதேஷ் சண்டை முடிந்த கையோடு போர்ப்படங்களும் மகான்களின் சரித்திரப் படங்களும் மாறி மாறி வந்துகொண்டிருந்த நேரம். 'சரித்திரப் படம் எடுக்கிறவர்கள் பிள்ளையைத் தொட்டிலிலேயே மகானாக்கி விடுகிறார்கள். அப்புறம் அவர் பாடுபட்டு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. போர்ப்படத்தில் சிப்பாய்களுக்குச் சுடுவதைவிடப் பாடுவதற்கு நேரம் அதிகம். தாகத்தில் கிடந்த எதிரிச் சிப்பாய்க்கு நம் ஆள் தண்ணீர் கொடுத்த இடம் மட்டும் உண்மை' என்று எழுதியிருந்தான். பத்திரிகையில் பேர், ஊரோடு வந்துவிட்டது. சாயர்புரத்தில் யாரோ அதை உபதேசியார் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

அப்போது எபனேசருக்கும் ஜீவமணிக்கும் கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. நாசரேத்தில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, இருவருக்கும் பிடித்துப் போயிருந்தது. உபதேசியாரிடமிருந்து கார்டு வந்தது. 'இனி சினிமாவுக்குப் போகமாட்டேன் என்று கைப்பட எழுதித் தந்தால் மேற்கொண்டு பேசலாம்.'

சிலுவை அதைப் படித்துவிட்டு, "எழுதிக் குடுத்துருலே," என்றான். "கல்யாணம் முடிஞ்சதும் தருவைகுளத்துக்கு மீன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு செகண்ட் ஷோவுக்கு வா."

"மீனுக்கு?"

"அதுக்கு நான் பொறுப்பு. எங்க வீட்டுல பிலோமிகிட்ட சொல்லி வாங்கி வைக்கேன்."

எபனேசர் சிரித்தான். ஆனால் அந்த யோசனை மனதைவிட்டுப் போகவில்லை. எத்தனையோ பேர் அப்படித்தானே இருக்கிறார்கள்? இருந்தாலும் முதலில், 'ஒரு படம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா' என்று பதில் போட்டான். கப்பலேறி வந்து குஷ்டரோகிகளுக்கு மருந்து கட்டிய ஒரு டாக்டரம்மாவின் சரித்திரப் படம் ஓடிக்கொண்டிருந்தது. டான்ஸ் கிடையாது. சபைக் குருவானவரும், "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

படம் பாதிக்கு மேல் ஒழுங்காகத்தான் போயிற்று. அத்தை முறுக்கைப் பிரித்துவிட்டாள். திரையில் ஒரு குழந்தை சாகக் கிடந்தது. டாக்டரம்மா முழங்கால் போட்டு, "ஆண்டவரே" என்றாள்.

உபதேசியார் எழுந்து நின்றார்.

மிஷன் பங்களா முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டும் விளக்குப் படங்கள்தான் அவர் பார்த்த படம். அங்கே பாதிரி ஐயர் ஜெபம் என்றால் சனம் முழுக்க எழுந்து நிற்கும். ஜெபம் வந்தது, எழுந்துவிட்டார். கண் மூடியிருந்தது. அவர் எழுந்ததைப் பார்த்து அத்தையும் முறுக்கு வாயோடு எழுந்துகொண்டாள். ஜீவமணியும் எழுந்தாள்.

"யாரு வே அது மறைக்கது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எந்திச்சிட்டா வீட்டுக்குப் போக வேண்டியதானே."

விசில் பறந்தது. எபனேசருக்குக் காது சுட்டது. ஊர் முழுக்கத் தெரிந்த முகம் அவனுடையது. கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாம். கை பாதி தூரம் போயும்விட்டது. மூடிய கண்ணோடு நிற்கிற மனுஷனை இழுக்க மனசு வரவில்லை. அவனும் எழுந்து நின்றான்.

சிலுவை திரும்பிப் பார்த்தான். "ஏலே, சத்தம் போடாதீங்கலே. பெரியவர் ஜெபம் பண்ணுதாரு. பிள்ளை பொழைக்கணுமா வேண்டாமா?"

தியேட்டர் சிரித்தது. சிரித்தாலும் அடங்கிவிட்டது.

டாக்டரம்மா அரை நிமிஷத்தில் முடித்துக்கொண்டாள். உபதேசியார் அவ்வளவு சுருக்கமாக ஜெபித்துப் பழக்கமில்லாதவர். குழந்தைக்கு, தாய்க்கு, ஆஸ்பத்திரிக்கு, பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்கு என்று ஒவ்வொன்றாக முணுமுணுத்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது திரையில் கடல்.

"பிள்ளை என்னாச்சு தம்பி?"

"பொழைச்சிட்டு ஐயா. டாக்டரம்மா கப்பல்ல ஊருக்குப் போறா."

"நல்லது," என்று உட்கார்ந்தார்.

படம் விட்டதும் எதிரே காப்பிக் கடைக்குப் போனார்கள். பெண்கள் உள்பக்கம் உட்கார்ந்தார்கள். உபதேசியார் காப்பியை ஆற்றியபடி பேசினார்.

"நீர் எழுதினது சரிதான். அந்தம்மாவுக்கு ஒரு தடவையாவது கோவம் வரணும்லா? நான் மிஷனரிமாரோட இருந்திருக்கேன். சோத்துல கல் கெடந்தா சமையக்காரனை என்ன பேச்சு பேசுவாங்க தெரியுமா? அப்புறம் அவனையே கூப்பிட்டு மன்னிப்புக் கேப்பாங்க. அதை எடுத்திருந்தா நான் நம்பியிருப்பேன்."

எபனேசருக்கு ஆச்சரியம். மூன்றாம் பத்தியை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடுத்தான்னு எழுதியிருந்தீரே, அந்தச் சண்டைப் படம்... இப்ப எங்கன ஓடுது?"

"திருநெல்வேலிக்குப் போயிட்டு ஐயா. ஏன்?"

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார். "ஜீவமணிக்கு மூத்தவன் செல்வதுரை பட்டாளத்துல இருக்கான். அந்தச் சண்டையில இருந்தவன். லீவுக்கு வந்தா மாட்டுக்குத் தண்ணி காட்டுதான், கோயிலுக்கு வாரான், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கான். கேட்டா, சுகமாத்தான் இருந்தேங்கான். அவன் என்னத்தைப் பாத்தான்னு..."

போர்ப்படத்தைத் தூக்கி வைத்துப் பேச அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. எபனேசரால் முடியவில்லை.

"ஐயா, அதைப் பாத்தா அண்ணன் பட்டது தெரிஞ்சிராது. பாதிக்கு மேல பொய். அண்ணன் லீவுல வரும்போது அவரையும் கூட்டிட்டுப் போங்க. எங்கெங்க பொய்னு அவருக்குத் தெரியும். பொய்யைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது. அதுல பேச்சு வரும்."

உபதேசியார் டம்ளரை வைத்தார். பிறகு, "நான் கேட்ட அந்த எழுத்தை மட்டும் அனுப்பிரும் தம்பி," என்றார். "சபைக்கு நான் பதில் சொல்லணும்லா."

எபனேசருக்குச் சப்பென்றாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் அவர் டிக்கெட் விசாரிக்கப் போன நேரத்தில் ஜீவமணி பக்கத்தில் வந்தாள்.

"எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"வேற வழி? எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் மெல்ல..."

"எங்க ஸ்கூல்ல ஒரு சார் அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. இப்ப குடையை முகத்துக்கு நேரா பிடிச்சிக்கிட்டு சினிமாவுக்கு டிக்கெட் எடுக்காரு. வெயிலும் இல்ல, மழையும் இல்ல. பிள்ளைங்க குடையை வச்சே கண்டுபிடிச்சிருது." சிரிக்காமல் சொன்னாள். "எனக்கு அப்படி ஒருத்தர் வேண்டாம். போகமாட்டேன்னா நிசமாப் போகக் கூடாது. போவேன்னா போவேன்னு எழுதுங்க."

"உங்க அப்பா வேண்டாம்னு சொல்லிட்டா?"

"நான் பேசுதேன். நீங்க பொய் எழுதிட்டா எதை வச்சுப் பேச?"

"ஏளா, பஸ் எடுக்கப் போறான்," என்று அத்தை கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எபனேசர் தாளை எடுத்தான். மார்ஜின் விட்டான்.

'மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு எபனேசர் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. தாங்கள் கேட்ட வாக்குறுதியை என்னால் எழுத இயலவில்லை. நான் படம் பார்ப்பேன். ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் போகமாட்டேன், இதைத் தங்களுக்காக அல்ல, எனக்காகவே சொல்லுகிறேன். வீட்டில் சொல்லாமல் ஒருநாளும் போகமாட்டேன். தங்கள் மகளுக்குச் சம்மதமானால் அவளோடுதான் போவேன். சபையார் கேட்டால் இந்தக் கடிதத்தையே காட்டலாம். செல்வதுரை அண்ணன் கிறிஸ்துமஸ் லீவில் வரும்போது அந்தப் போர்ப்படம் சுற்றுவட்டாரத்தில் எங்கே ஓடினாலும் விசாரித்துச் சொல்லுகிறேன். நாம் மூவரும் போகலாம். தங்கள் முடிவு எதுவானாலும் இது அப்படியே இருக்கும்.'

திரும்பப் படித்தான். ஒரு எழுத்தும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது. கவரில் போட்டு, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தினான். தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சாயர்புரத்துக்கு இன்னைக்கே போயிருமா அண்ணாச்சி?"

"இப்ப குடுத்தா மத்தியான பஸ்ஸுல போயிரும்."

எபனேசர் கவரை அவர் கையில் கொடுத்தான்.