விளக்கு வைக்கறதுக்குள்ள

பாவாடைக்குப் பயம் புதிதல்ல. இடி இடித்தால் மாடுகளுக்கு முன்னால் கொட்டகைக்குள் நுழைகிற ஆள் அவன். அப்பேர்ப்பட்டவனைப் பிடித்து, கையில் காப்புக் கயிற்றோடு அரியலூருக்கு அனுப்பியிருந்தார்கள் ஊர்க்காரர்கள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஐப்பசிப் புயலில் மாரியம்மன் கோயில் மண்டபம் சரிந்து விழுந்தது. கீழப்பழுவூர்ப் பக்கம் யாருக்கு வழி சொன்னாலும் அந்த மண்டபத்தை வைத்துத்தான் சொல்வார்கள். இருட்டில் வண்டி ஓட்டி வருகிறவனுக்கு அதன் மாடவிளக்கு தெரிந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். விழுந்த கல் விழுந்தபடி கிடக்கையில் காண்டிராக்டர் செல்லதுரை வந்து நின்றார். யுத்த காலத்தில் ரோட்டுப் பாலத்துக்குக் கல் கிடைக்கவில்லையாம், இடிந்த கல்லை எடுத்துக்கொள்ள உத்தரவு வாங்கிவிட்டாராம். "ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தரேன், அம்மனுக்கு அது போதாதா?" என்று கோயில் வாசலில் நின்றுகொண்டே கேட்டார், பாவி மனுஷன்!

ஊர் கொதித்துவிட்டது. இருந்தது இருந்தபடியே, அதே கல்லில், அதே இடத்தில் எழும்ப வேண்டும் என்று பெண்கள்தான் முதலில் கிளம்பினார்கள். பாவாடையின் பெண்டாட்டி இருசம்மாள் வயிற்றுப் பிள்ளையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, ஆளுக்கு இவ்வளவு உழைப்பு என்று வாக்கு வாங்கினாள். ஆனால் கல் இருந்தால்தானே எழுப்ப?

அதற்குத்தான் பெரியதனக்காரர் அமிர்தலிங்கம் ஒரு யோசனை சொன்னார். சித்திரையில் கட்டுகிற காப்பைத் தை மாதத்திலேயே கட்டிவிடுவது. காப்புக் கட்டிவிட்டால் ஊர்ப் பொருள் எல்லை தாண்டாது. காப்புக் கட்டியவனும் வெளியூரில் தங்கக் கூடாது, எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அப்படியே ஊர் முழுக்கக் காப்புக் கட்டிக்கொண்டது. உள்ளூர் வண்டிக்காரன் ஒருவன்கூடக் கல் ஏற்றச் சம்மதிக்கவில்லை. செல்லதுரை சும்மா இருப்பாரா? செந்துறையிலிருந்து வண்டிகளைப் பேசிவிட்டார். சனிக்கிழமை காலையில் வருகின்றன. வெள்ளிக்கிழமை அரியலூருக்கு முகாம் வரும் அதிகாரியிடம் முறையிட்டால்தான் உண்டு. அப்போதுதான் எல்லோரும் அவரவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். வண்டியைக் கட்டிப்போட நினைத்த ஊர் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டிருந்தது.

போன வருஷம் காப்போடு போய் அரியலூர் சினிமாக் கொட்டகையில் இருந்துவிட்டு விடிந்து வந்தவன் தர்மன். திருவிழா முடிவதற்குள் கிணற்றில் தவறி விழுந்து செத்தான். தொட்டிலில் கிடந்த அவன் பிள்ளையும் நிலைக்கவில்லை. அதை ஊரில் யாரும் மறக்கவில்லை.

"உன் மாடுதான்டா ஓட்டமான மாடு. வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடலாம்," என்றார் அமிர்தலிங்கம்.

"மாமா, அவளுக்கு நெறமாசம்."

"அதனாலதான் சொல்றேன். சீக்கிரமா வந்துடு."

இது என்ன நியாயமோ! துணைக்கு அங்கமுத்துவை ஏற்றிவிட்டார்கள். இருசம்மாள் மட்டும் வண்டிக்குப் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தாள். "அவரைப் பாக்காம மட்டும் திரும்பி வந்துடாதீங்க," என்றாள்.

முகாமில் அதிகாரி இல்லை. "ஐயா திருமானூர் போயிருக்காரு. எப்ப வருவாருன்னு எனக்கென்ன தெரியும்?" என்றான் சேவகன் ஆண்டவர். புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நிழல் நீண்டுகொண்டே போயிற்று. பாவாடை சேவகனிடமும் மரத்திடமும் மாட்டிடமும் மாறி மாறிப் புலம்பினான். வெயில் தாழ ஆரம்பித்ததுமே அங்கமுத்து எழுந்து துண்டை உதறினான்.

"மாப்ள, நான் நடையக் கட்டறேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

பாவாடையும் மாட்டைப் பூட்டினான். பூட்டியவன், இருசம்மாள் சொன்னது நினைவு வந்து அவிழ்த்தான். மறுபடி பூட்டினான். மாடுகளே அவனை ஒரு மாதிரிப் பார்த்தன. இப்போது கிளம்பினால் பிள்ளை பிழைக்கும், காலையில் கல் போய்விடும். போன கல் திரும்பாது. அதையும் தாண்டி, வீட்டில் நுழைந்ததும் அவள் கேட்பாளே, அதற்கு என்ன பதில்? இப்படியே பொழுதும் இறங்கி, கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக விளக்கு ஏற ஆரம்பித்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கயிறு மணிக்கட்டைச் சுடுவது போலிருந்தது. அவிழ்த்து எறியவும் துணிச்சல் வரவில்லை.

அதற்கப்புறம்தான் அதிகாரியின் கார் வந்தது. பாவாடை குழறிக் குழறிச் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டார்.

"ஊருக்கே வேணும்ங்கிறே. வந்திருக்கிறது நீ ஒருத்தன்தானே?"

பாவாடை கையை நீட்டிக் கயிற்றைக் காட்டினான்.

லாந்தரோடு பக்கத்தில் நின்ற சேவகன் ஆண்டவர் அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தான். "ஐயோ, காப்புங்க! வெளக்கு வச்சப்புறம் எல்லைக்கு வெளியில இருக்கக் கூடாதுங்க. குடும்பத்தையே வாரிக்கிட்டுப் போயிடும்பாங்க. இவன் பொண்டாட்டிக்கு வேற நெறமாசமாம்."

அதிகாரி லாந்தரை வாங்கி உயர்த்திப் பாவாடையின் முகத்தைப் பார்த்தார். அவன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பயத்தோட எதுக்குய்யா நின்னே?"

"கல்லு போயிட்டா அப்புறம் எழுப்ப முடியாதுங்களே."

அவர் லாந்தரைச் சேவகனிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "காலையில ஆளனுப்பி வண்டியை நிறுத்தறேன். உங்க கல்லுல உங்க மண்டபத்தை நீங்களே எழுப்பிக்குங்க. போ, ஓடு," என்றார்.

மாடுகள் ஓடிய ஓட்டத்துக்குக் குறை சொல்ல முடியாது. வழியில் பனைமரம் ஒவ்வொன்றும் ஒரு ஆளாக நின்றது. அவன் வேண்டாத சாமி இல்லை. எல்லைக்கல் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். மண்டப விளக்கு தெரியாது, அது தெரிந்த சேதி. ஆனால் ஊரே தெரியவில்லை. ஒரு வீட்டில்கூட வெளிச்சம் இல்லை. சாவு வீட்டில்கூட விளக்கு எரியுமே! அம்மன் ஊரையே வாரிக்கொண்டு போய்விட்டாளா?

வண்டியிலிருந்து விழுந்தடித்து இறங்கி, கல்லுக்கு இந்தப் பக்கமே மண்டியிட்டான். "தாயே, தப்புப் பண்ணினது நான். என்னெ எடுத்துக்க. அதுங்களை விட்டுடு," என்று வாய்விட்டு அழுதான்.

"யாருடா அது, பாவாடையா?" இருட்டுக்குள்ளிருந்து அமிர்தலிங்கத்தின் குரல். "அங்க என்னடா பண்றே? உள்ள வா. இன்னும் வெளக்கு வைக்கல."

"என்ன மாமா சொல்றீங்க?"

"ஊர்ல ஒரு வூட்லயும் வைக்கலடா. அங்கமுத்து தனியா வந்து நின்னதும் உம் பொண்டாட்டி வாசலுக்கு வந்துட்டா. எங்க வூட்டுக்காரரு வர்ற வரைக்கும் யாரும் வெளக்கத் தொடக் கூடாதுன்னுட்டா. ஊருக்காகப் போனவனாச்சே, எவன் தொடுவான்? எல்லாரும் இருட்டுலதான் கெடக்குறோம்."

"அவ எங்க மாமா?"

"வலி கண்டுடுச்சு. கைவெளக்காவது வேணும்னு மருத்துவச்சி பொன்னுத்தாய் கத்தோ கத்துன்னு கத்திப் பாத்தா. இவ விட்டாத்தானே! இருட்டுலயே பெத்துட்டா."

பாவாடை எல்லைக்கல்லைத் தாண்டி ஓடினான். வழி நெடுக வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தது மூச்சுச் சத்தத்தில்தான் தெரிந்தது. வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டது. எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வந்துட்டீங்களா?" இருசம்மாளின் குரல் ஈனமாக வந்தது. "பாத்தீங்களா அவரை?"

"பாத்தேன். கல்லு போகாது. நாமளே எழுப்பிக்கலாமாம்."

"அப்ப வெளக்க ஏத்துங்க. என்ன புள்ளைன்னு நானும் இன்னும் பாக்கல."

பொன்னுத்தாய் தீப்பெட்டியைத் துழாவி அவன் கையில் வைத்தாள். முதல் குச்சி ஒடிந்துபோயிற்று. அடுத்த குச்சியில் திரி பற்றியது.