பாட்டுப் புத்தகத்தின் கடைசி வரி

எனக்கு சினிமா ஏன் பிடித்தது என்று யாராவது கேட்டால் முதல் காரணம் நாற்காலி என்றுதான் சொல்வேன். பெரிய கடை வீதி ஜவுளிக்கடையில் கெஜக்கோலைப் பிடித்துக்கொண்டு வாரத்தில் ஆறு நாள் நிற்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மேட்டினியில்தான் முழுசாக மூன்று மணி நேரம் உட்காருவேன். விளக்கை அணைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவேன். அதற்கு அப்புறம்தான் படமெல்லாம்.

ஆனால் பார்த்த படம் ஒன்றையும் மறக்க மாட்டேன். சிறைக்குப் போன தபால்காரன் படம், இரட்டைச் சகோதரிகள் படம், குதிரை வண்டிக்காரன் கடைசியில் வண்டியை விற்கிற படம் என்று வரிசையாகச் சொல்வேன். ராஜா ராணிக் கதைகள் எனக்கு ஆகாது. அட்டைக் கத்தியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், ஒருத்தனுக்கும் மூச்சு வாங்காது. கஷ்டப்படுகிறவர்கள் கதைதான் எனக்குப் பிடிக்கும். அதில் வருகிறவர்கள் என்னைப் போலவே களைத்துப் போயிருப்பார்கள்.

பார்த்த படத்தை வந்து சொல்ல எனக்கு ஒரு ஆள் இருந்தது, என் தங்கை ஷரபுன்னிசா. பாலக்கரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அத்தாவும் அம்மாவும் அடுத்தடுத்து மவுத்தாகிவிட்டார்கள். என் மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். ஷரபுவின் மாப்பிள்ளை அப்துல் சுக்கூர், நிக்காஹ் முடிந்த ஆறாம் மாதம், ஐம்பத்து மூன்றில் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோனது.

எங்கள் வீட்டுப் பெண்கள் கொட்டகைக்குப் போகிற வழக்கம் கிடையாது. அதனால் நான் பாட்டுப் புத்தகம் வாங்கி வருவேன். ஷரபு அதை எழுத்தெழுத்தாகப் படிப்பாள். முன்பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டிருக்கும். கதாநாயகி ஆபத்தில் மாட்டுகிற இடத்தில் அதை நிறுத்திவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று அச்சடித்திருப்பார்கள். எந்தப் புத்தகத்திலும் அதே கதைதான். அவளுக்கு அந்த மீதியைச் சொல்வது என் வேலை.

ஐம்பத்து ஆறில் பினாங்கிலிருந்து வந்த சேக் மைதீன் மல் துணி வாங்க எங்கள் கடைக்கு வந்தார். துணியை மடிக்கும்போது குரலைத் தாழ்த்தி, “சுக்கூரு அங்க இன்னொரு நிக்காஹ் பண்ணிட்டாருங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு. இனிமே இங்க வரமாட்டாரு” என்றார். அன்று நான் துணியை அரை கெஜம் கூடுதலாகக் கிழித்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த ஞாயிறு ஒரு படம் பார்த்தேன். அக்கரைக்குப் போன புருஷன் அங்கேயே குடும்பமாகிவிடுகிறான். கதாநாயகி பல வருஷம் காத்திருந்துவிட்டு, ஒரு நாள் வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நடந்து போகிறாள். நான் பார்த்ததிலேயே நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அந்தப் படத்தின் புத்தகத்தைப் படித்து முடித்து, “மீதி என்னண்ணே? அவரு வந்தாரா?” என்று கேட்டாள் ஷரபு.

“வந்தாரு. கப்பல்லேர்ந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு எறங்கி வர்றாரு” என்றேன்.

அன்றைக்கு அவள் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். அதிலிருந்து எல்லாப் படத்துக்கும் நானே முடிவு கட்ட ஆரம்பித்தேன். தபால்காரன் விடுதலையானான். வண்டிக்காரனுக்குக் குதிரை திரும்பக் கிடைத்தது. செத்தவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை, ஆஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்தேன்.

ஐம்பத்து எட்டில் துறையூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர். ஜமாத்தில் சொல்லிப் பழைய நிக்காஹ்வை விலக்கிவிடலாம் என்று பெரியவர்களும் சொன்னார்கள். ஷரபு ஒத்துக்கொள்ளவில்லை. “காத்திருந்தவங்க ஏமாந்ததா ஒரு படத்துலயாவது வந்திருக்காண்ணே?” என்று சிரித்தபடி என்னிடமே கேட்டாள். அப்போதும் சேக் மைதீன் சொன்னதை நான் சொல்லவில்லை. அவள் மனசு உடைந்துவிடும் என்ற பயம் இருந்தது நிஜம். அவள் துறையூர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து யாரிடம் கதை சொல்வது என்று நினைத்ததும் நிஜம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அறுபத்தொன்றில் அந்த அக்கரைப் புருஷன் படம் ஸ்ரீரங்கத்துக் கொட்டகையில் மறுபடி ஓடியது. பக்கத்து வீட்டு ரோசரி டீச்சர், தவக்காலம் முழுக்க சினிமா பார்க்காமல் இருந்துவிட்டு, ஈஸ்டர் முடிந்ததும் புறப்பட்டார். “அந்தப் பக்கம் உன்னை யாருக்குத் தெரியும், வா” என்று ஷரபுவையும் கூப்பிட்டிருக்கிறார். ஷரபு, வெளியே போனால் போர்த்திக்கொள்கிற துப்பட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் புருஷன் கப்பலிலிருந்து இறங்கி வருகிற இடத்தைக் கண்ணால் பார்க்கத்தான் போனாளாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“அவரு வரலைண்ணே” என்றாள். “அவ சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டா.”

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

“நம்ம கதையில மீதி என்னண்ணே? அதையும் பார்த்துட்டீங்களா?”

சேக் மைதீன் சொன்னதைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் என்பதையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“எப்பத் தெரியும்?”

“அம்பத்தாறுல.”

“துறையூர்க்காரர் வந்தது அம்பத்தெட்டுலங்க” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த மாதமே ஜமாத்தில் சொல்லி விலக்கிக்கொண்டாள். துறையூர்க்காரருக்கு அதற்குள் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. ரோசரி டீச்சர் ஒரு தையல் மிஷினுக்கு ஏற்பாடு செய்தார். ஷரபு இப்போதும் சோறு போடுகிறாள், காபி தருகிறாள், எனக்கு உடம்பு முடியாவிட்டால் கஷாயமும் போடுகிறாள். நான் படம் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் மிஷினை நிறுத்துவதில்லை.

போன ஞாயிறு கால் வீங்கியிருந்தது, நான் மேட்டினிக்குப் போகவில்லை. ஷரபுதான் டீச்சரோடு போய்விட்டு வந்து, பாட்டுப் புத்தகத்தை என் கட்டில் மேல் வைத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கதைச் சுருக்கத்தைப் படித்தேன். கதாநாயகன் ஆற்றில் விழுகிற இடத்தில் நிறுத்தி, வழக்கம்போல அதே வரியைப் போட்டிருந்தார்கள்.

“மீதி என்னம்மா? பொழைச்சானா?” என்று கேட்டேன்.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“உங்களுக்குத்தான் நல்லா வருமே. நீங்களே ஒண்ணு சொல்லிக்குங்க” என்றாள்.