தாம்பாளத்தில் ஒரு நியூசிலாந்து

முதற்கண் வாசகப் பெருமக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதே முறை. கதை எழுதும் தகுதி இந்தக் கைக்கு இல்லை. இதற்கு முன் இது எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும் இரங்கல் தீர்மானங்களும்தான். ஆயினும், திருவரங்கத்து அடுக்ககம் ஒன்றின் கூடத்தில் நியூசிலாந்து அழிந்துபோன செய்தியை யாராவது பணிவுடன் எழுதி வைக்கத்தானே வேண்டும். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

பேராசிரியர் ரெங்கராஜ், துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து வந்தார். அவர் கடல் தாண்டியவரல்லர். காவிரியைத் தாண்டி வேலைக்குப் போய் வருவதே அவருக்குப் பெரும் பயணம். ஆனாலும் நியூசிலாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மாணவர்கள் பஸ்ஸைத் தவறவிடுவார்கள். வௌவாலை விட்டால் தரையில் வேறு பாலூட்டியே இல்லாமல் யுகயுகமாய்த் தனித்துக் கிடந்த நாடு அது. துரத்துவதற்கு ஆளில்லாததால் பறவைகள் பறப்பதையே மறந்து நடக்கத் தொடங்கிய நாடு. இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும்.

அவ்வாண்டு விலங்கியல் துறைத் தலைவர் பதவி காலியாயிற்று. அதே சமயம், கல்லூரிச் செயலரின் மனைவி ரஞ்சனி அம்மையார், அடுக்ககத்து நவராத்திரிக் கொலுப் போட்டிக்கு நடுவராக வர இசைந்தார். இரண்டுக்கும் தொடர்புண்டு என்று எவரும் சொல்லவில்லை. பேராசிரியர் தாமாகவே கண்டுபிடித்தார். அறிஞர் அல்லவா.

"இந்த வருஷம் கொலுவை நான் பாத்துக்கறேன்," என்றார் மனைவி மணிமேகலையிடம்.

"பரண்லேருந்து ஒரு பொம்மைப் பெட்டியை இறக்கிக் கொடுத்ததில்ல. இப்ப என்ன திடீர்னு?"

"தீம் கொலு. நியூசிலாந்தோட தாவரங்கள், விலங்குகள்."

"படியில என் பொம்மைங்க இருக்கும். கீழ என்ன வேணா பண்ணிக்கங்க."

போட்டி விதிப்படி பிளாஸ்டிக் கூடாது. ஆகவே பேராசிரியர் கொப்பரைத் தேங்காயைச் செதுக்கி, தேங்காய் நாரை வெல்லப்பாகில் தோய்த்து ஒட்டி, கிவிப் பறவைகள் செய்தார். பாசிப்பயற்று மாவில் கீரைச் சாற்றைப் பிசைந்து, ககாபோ என்னும் பறக்காத கிளிகளை உருட்டினார். வேர்க்கடலை உருண்டையிலிருந்து துவாட்டாரா பிறந்தது. பார்வைக்குப் பல்லி, ஆனால் பல்லி என்றால் பேராசிரியருக்குக் கோபம் வரும். ஆற்று மணலில் முளைவிட்ட கடுகும் கேழ்வரகும் காடாயின. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பை ஏமாற்றுவோமே, அதே முறையில், பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் நீர் நிரப்பி, நடுவே மணல் தட்டை வைத்தார். தீவு தயார்.

மணிமேகலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, எலிப்பொறியில வைக்கற சாமானையெல்லாம் ஒரே இடத்துல சேத்து வெச்சிருக்கீங்க."

"சுத்தித் தண்ணி இருக்கும்மா. அதான் தீவுக்குப் பாதுகாப்பு."

"சரி. பிள்ளையார் எங்க?"

நியூசிலாந்தில் பிள்ளையார் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, பதவி வேண்டுமே. தீவின் நடுவே பிள்ளையாரை அமர்த்தினார்.

"எலியே இல்லாத ஊருன்னீங்க. இவர் காலடியில என்ன இருக்காம்?"

"அது வாகனம். கணக்குல வராது."

பிள்ளையாருக்கு விளக்கேற்ற வேண்டாமா? தண்ணீரில் விளக்கு நிற்குமா? தாம்பாளத்தின் விளிம்பிலிருந்து தீவுக்கு ஒரு மணைப்பலகையைப் போட்டு, அதன்மேல் அகலை வைத்தாள் மணிமேகலை. பேராசிரியர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விளக்குக்கு வைத்த பலகையை எடு என்று நவராத்திரியில் எந்தக் கணவன் சொல்வான்?

மூன்றாம் நாள் காலையில் ஒரு கிவிக்குத் தலை இல்லை. மறுநாள் இரண்டுக்கு உடலே இல்லை; நார் மட்டும் கிடந்தது. மணைப்பலகையில் வெல்லப்பாகு அப்பிய சின்னஞ்சிறு கால்தடங்கள்.

"பொறி வெச்சிடலாம்," என்றார் பேராசிரியர்.

எதிர்வீட்டுச் செல்லக்கிளி சுண்டல் வாங்க வந்திருந்தாள். தசாவதாரத்தையே ஆண்டுதோறும் வைத்துப் பரிசைத் தட்டிச் செல்பவள். "பண்ணுங்க சார். பிள்ளையாரையும் வெச்சுக்கிட்டு, அவர் வண்டியைப் பொறியில பிடிச்சா ரொம்ப விசேஷம்," என்றாள்.

"அப்ப தீவைத் தூக்கி மேஜைமேல வெச்சிடறேன்."

"வெச்ச கொலுவை விஜயதசமிக்கு முன்னாடி அசைக்கறதாவது," என்றாள் மணிமேகலை.

பேராசிரியர், புத்தூரில் குடியிருக்கும் வேதியியல் ஆசிரியர் ரெஜிஸிடம் அவர் வீட்டுப் பூனையைக் கேட்டார். ரெஜிஸ் கூடையோடு வந்து, தர மனமில்லாதவர்போல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நியூசிலாந்துல முயலை ஒழிக்க கீரி மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து விட்டாங்க, அது பறவையெல்லாம் தின்னுடுச்சுன்னு ஸ்டாஃப் ரூம்ல நீங்கதானே சொல்வீங்க."

"அது வெள்ளைக்காரன் பண்ணினது. அவனுக்கு விவரம் பத்தாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க ரெஜிஸ். பூனை எலியைப் பிடிக்கணும், ஆனா வீட்டுக்குள்ள கொல்லக் கூடாது. நாள் கிழமை."

"சொல்லிப் பாக்கறேன் சார்," என்றார் ரெஜிஸ்.

பூனை எலியைப் பார்த்தது. எலி பூனையைப் பார்த்தது. நிவேதனப் பாயசத்தைப் பூனை எடுத்துக்கொள்ள, தீவை எலி எடுத்துக்கொண்டது. கனவான்களின் உடன்படிக்கை.

நடுவர் வரும் நாளன்று பிற்பகல், எஞ்சியவற்றைச் சீர்செய்த களைப்பில் பேராசிரியர் கண்ணயர்ந்தார். பூனையின் கண்ணில் புது ஆற்று மணல் பட்டது. அங்கே நிகழ்ந்ததை விவரிக்கும் துணிவு இந்தக் கைக்கு இல்லை; பூனைகள் மணலை எதற்குத் தேடும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். காரியம் முடிந்ததும் மூட வேண்டுமே என்று, அந்த ஒழுக்கமுள்ள பிராணி காட்டையெல்லாம் பறித்துத் தள்ளியது. ககாபோக்கள் கடலில் விழுந்து கரைந்தன. கடல் பச்சையாயிற்று.

அழைப்பு மணி அடித்தது.

ரஞ்சனி அம்மையார் உள்ளே வந்தார், பின்னால் செல்லக்கிளி. பேராசிரியர் பூனையைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

"மேடம், இது அழிவுக்குப் பிந்தைய காட்சி. மனுஷன் கால் வெச்சப்புறம் ஒரு தீவு என்னாகுதுன்னு ஒரு விழிப்புணர்வு."

அம்மையார் குனிந்து பார்த்தார். முந்தானை மூக்குக்குப் போயிற்று.

"நல்ல கருத்து சார். இந்த வாடையும் தீம்லதான் வருதா?"

"இல்ல மேடம்," என்றாள் மணிமேகலை. "அது புத்தூர்லேருந்து வந்தது. சுண்டல் எடுத்துக்கங்க."

அம்மையார் குங்குமம் மட்டும் எடுத்துக்கொண்டார். முதற்பரிசு தசாவதாரத்துக்குப் போயிற்று. பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும், துறைத் தலைவர் பதவி, பேராசிரியரிடமே படித்த யாழினிக்குப் போயிற்று. அந்தப் பெண் மரியாதையாக அவர் காலைத் தொட்டு வணங்கினாள்.

விஜயதசமியன்று கலைத்த தீவின் இழப்பு, பின்னால் வந்ததையும் சேர்த்து, வருமாறு:

கிவி, ஏழு.
ககாபோ, ஐந்து.
துவாட்டாரா, ஒன்று.
காடு, முழுவதும்.
பாயசம், இரண்டு நாளையது.
முதற்பரிசு.
துறைத் தலைவர் பதவி, ஒன்று.

பிள்ளையாருக்குச் சேதமில்லை. எலி நலம்.