ஞாயிற்றுக்கிழமை கார்

"அப்பா, போனை இன்னும் கொஞ்சம் பின்னால வையி. பின் டோரு தெரியல்ல."

சதாசிவன் போனைத் துவைகல்லில் மறுபடி சாய்த்து வைத்தார். இப்போது கார் முழுசாகத் தெரியும். அவர் தெரியமாட்டார்.

"இப்ப?"

"இப்ப ஓகே. வெயில் மாறிட்டுதா? பாடி சூடா இருந்தா தண்ணி விடண்டாம்."

"தொட்டுப் பாத்தாச்சு மக்களே. குளிர்ந்துதான் கிடக்கு."

அந்தக் கறுப்புக் காரைக் கொல்லயில் ஊரிலுள்ள வீட்டில் அப்பாவிடம் விட்டுவிட்டுத்தான் கிருஷ்ணப்ரியா அயர்லாந்துக்குப் போனாள். போன முதல் மாதமே அவர் காக்காய் எச்சத்தைத் தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்து, எஞ்சின் மூடியில் சாண் நீளத்துக்குக் கீறல் போட்டுவிட்டார். அன்று தொடங்கியது இந்த வீடியோ கால். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல், நாலு மணிக்கு. மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் கேட்கிற பேச்சு இது ஒன்றுதான்.

இன்றைக்கு அதுவும் கடைசி. கிருஷ்ணப்ரியா காரை விற்றுவிட்டாள். உதியன்குளங்கரையிலிருந்து ராபின்சன் என்று ஒருவர் எடுத்துப் போக வருகிறார்.

"முதல்ல சும்மா தண்ணி அடிச்சு மண்ணைக் களைஞ்சியா?"

"ரெண்டு தடவை."

"துணி அலசுகதுக்கு வேற பக்கெட்டு தானே?"

"வேறயாக்கும்."

"அப்பா, அந்த டோரைத் தேய்க்கது இது மூணாவது தடவை."

"மண்ணு இருந்தா கீறும்லா."

"மண்ணெல்லாம் போயாச்சு."

அவர் கையிலிருந்து துணி நழுவித் தரையில் விழுந்தது.

"எடுக்கண்டாம். விழுந்த துணியில மண்ணு பிடிச்சிருக்கும். புதுசு எடுத்துட்டு வா."

"வாறேன். நீ போனை வைக்காதே."

உள்ளே அலமாரியில் துணியைத் தேடி எடுத்து வரக் கொஞ்ச நேரமாயிற்று. திரும்பி வந்தால், முற்றத்தில் ராபின்சன் நிற்கிறார். போன் அவர் கையில்.

"வண்டி சூப்பரா வச்சிருக்கு மேடம். ஆமா, பேப்பர் எல்லாம் கிட்டியாச்சு. சரி மேடம்."

போனைச் சதாசிவனிடம் நீட்டினார். திரை இருண்டிருந்தது.

"வச்சிட்டாங்களா?"

"எங்கேயோ வெளிய போகணுமாம் சாரே. பெறவு விளிக்கதா சொன்னாங்க. சாவி?"

"துடைச்சு முடிக்கல்ல. அப்படியே காஞ்சா தண்ணிப் புள்ளி விழும்."

"போற வழியில காத்துல காஞ்சிரும்."

"காயும். புள்ளியும் விழும். அஞ்சு நிமிஷம் நில்லு."

சுற்றாமல், நேர்கோடாக, மேலிருந்து கீழே துடைத்தார்.

"பாத்திரம் விளக்குற சோப்பு போட்டிராதே. பெயிண்டு மங்கிரும்."

"நான் சர்வீஸ் ஸ்டேஷன்ல விட்டிருவேன் சாரே."

"அங்க ஒரே துணியால நூறு வண்டி துடைப்பான். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச கொண்டு வா. நான் கழுவித் தாறேன்."

ராபின்சன் சிரித்தார். "சாரு எதுக்குக் கஷ்டப்படணும்?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல. நாலு மணிக்கு வந்தாப் போதும்."

"அதென்ன நாலு மணிக் கணக்கு?"

"அவளுக்கு அப்பதான் நேரம். வண்டியைப் பாக்கணும்னா காட்டலாம்லா."

"வித்த வண்டியை அவங்க எதுக்கு சாரே பாக்கணும்?"

சதாசிவன் துணியை மடித்துப் பின்கண்ணாடியில் வைத்தார்.

"சாரே, அது துடைச்சாச்சு."

"தெரியும்டே," என்றார் சதாசிவன். துடைத்துக்கொண்டிருந்தார்.