இரண்டு மதிப்பெண்

சியாட்டில் நகரத்து உதவி மையத்துக்கு வீடு கேட்டுப் போன அன்றைக்கு, பெட்ரோல் பங்க் கழிப்பறையில் வைத்துக் கணவன் வெர்ணனுக்கு முகம் மழித்துவிட்டாள் லொரெட்டா. ஏழு மாதமாக இருவருக்கும் வீடு அந்தப் பழைய கார்தான். நானூறு அறை ஓட்டலில் படுக்கை விரிக்கிறவளுக்குத் தலைசாய்க்க ஓர் அறை இல்லை. அநியாயம், வேறென்ன சொல்ல?

வெர்ணனுக்குச் சர்க்கரை. இடது காலில் புண், சுண்டுவிரல் கறுத்துவிட்டது. காரில் காலை மடக்கியே கிடந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"புண்ணப் பத்தி மூச்சு விடாத," என்றாள். "நோயாளின்னு தெரிஞ்சா எவன் வீடு குடுப்பான்? மாப்பிள்ளை மாதிரி சிரிச்சிக்கிட்டு உக்காரு. நான் பேசிக்கிறேன்."

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வாடகைக்குக் கேட்டுப் போன ஒன்பது இடத்திலும் ஏதாவது ஒரு குறையைச் சொல்லித்தான் துரத்தியிருந்தார்கள்.

மையத்தில் ஜோசலின் என்ற இளம்பெண் கணினியைப் பார்த்துக் கேள்விகளைப் படித்தாள். தீராத வியாதி உண்டா? இல்லவே இல்லை. யாராவது அடித்தார்களா? எங்களையா, எவனுக்குத் துணிச்சல்! குடி? ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. நடக்கச் சிரமம்?

"இவரா? குதிரை மாதிரி ஓடுவாரு கண்ணு," என்றாள் லொரெட்டா. வெர்ணன் வலியைப் பொறுத்துக்கொண்டு சிரித்தான்.

ஜோசலின் பொத்தானைத் தட்டினாள். "ரெண்டு மார்க்."

"கம்மியா இருந்தா நல்லதுதானே?"

"ஐயோ, இல்லம்மா. எட்டு இருந்தாத்தான் வீடு. யாரு ரொம்ப மோசமா இருக்காங்களோ அவங்களுக்குத்தான் மொதல்ல."

லொரெட்டாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவி, என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே! மேசையைச் சுற்றி ஓடி, குனிந்து வெர்ணனின் காலுறையை உருவினாள். நாற்றம் அறை முழுக்கப் பரவியது. ஜோசலின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாரு கண்ணு! நல்லாப் பாரு! நான் பொய் சொல்லிட்டேன், மாத்தி எழுது!"

"பதிவாயிடுச்சும்மா. ஆறு மாசத்துக்குத் திறக்காது. சத்தியமா என் கையில இல்ல." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நடுவுல புதுசா ஏதாவது நடந்தாத்தான் சேக்க முடியும். ஆபரேஷன், அந்த மாதிரி."

"கால் போச்சுன்னா எத்தனை மார்க்?"

கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று லொரெட்டாவுக்கு உறைத்தது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவனின் காலுக்கு விலை கேட்டுவிட்டாள், அவன் முகத்துக்கு நேராக.

ஜோசலின் திரையில் தேடினாள்.

"மூணு."

வெர்ணன் காலுறையை மெல்ல இழுத்துப் போட்டுக்கொண்டான். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அப்போ ரெண்டு காலும் போனா சரியா எட்டு வந்துரும், லொரெட்டா."